ஓடுற மெஷினை எதுக்குக் கழுவணும்?

எங்கள் தெருவில் யார் வீட்டு ஏசி முனகினாலும் எனக்குச் செய்தி வந்துவிடும். ஏசி மெக்கானிக் வேலையை விட்டு இத்தனை காலமாகியும் காலை நடையில் என்னை மறித்து நிறுத்திக் கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனா சர்வீஸ்காரங்க மாசாமாசம் கழுவணும்னு வந்து நிக்கிறாங்க. தேவைதானா, இல்ல நம்மளக் கறக்குறாங்களா?"

"வீட்டில் எத்தனை பேர், அடுப்படி எந்தப் பக்கம், ரோட்டுத் தூசி எவ்வளவு வருகிறது" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நான் இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அழுக்கேறிய மெஷின் கரண்டைக் குடிக்கும், கம்ப்ரசரைச் சாகடிக்கும், கழுவினால் நாலு வருஷம் கூட உழைக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த லாபம். கழுவுவதற்கு ஆகும் செலவு என்ன என்பதைத்தான் யாரும் சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது திண்டுக்கல்லில், ஒரு தோல் வியாபாரி வீட்டு மச்சு அறையில்.

நான் சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். தறியில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லுக்கு வந்து சூசை மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்துகொண்டேன். குளிர்ப்பெட்டி ரிப்பேர் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான். ஆஸ்பத்திரிகளில் மருந்து வைக்கும் பெட்டி, மண்ணெண்ணெயில் எரியும் ஃப்ரிட்ஜ், கலர் சோடாக் கடை, ஐஸ் ஃபாக்டரி என்று வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் பொருத்தும் ஏசி ஊரிலேயே விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தது. இரண்டு மூன்று வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், கை பழகியது. அந்தக் கதையை நீட்டுவதில் யாருக்கும் பயனில்லை.

சூசை மேஸ்திரி யுத்தத்தின்போது கப்பலில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். வலது கையில் சொம்பைப் பிடித்துக் குடித்துக்கொண்டே இடது உள்ளங்கையை மெஷின் மேல் வைத்திருப்பார். வீட்டுக்காரர் என்ன புலம்பினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிறகு ஒரு துண்டைத் தரையில் விரித்து, கழற்றும் திருகுகளை மெஷினில் எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் துண்டின் மேல் வைப்பார். மாட்டும்போது ஒரு திருகு இடம் மாறியிருந்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும். குழாயைப் புறங்கையால் தொட்டே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் கழுவுவது என்றால் அவருக்கு வேப்பங்காய். "ஓடுறதத் தொடாத" என்பது அவருடைய வேதம். எனக்கு அது பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் தறியில் படிந்த பஞ்சுத்தூசியைத் தினமும் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். அதை ஒருதரம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏலே அப்பு, நீ மெக்கானிக்கா, இல்ல கூட்டிப் பெருக்க வந்தவனா?" என்றார். "வெளக்கமாத்தத் தூக்கிட்டு வீடு வீடாப் போனா நாளைக்கு எவனும் நம்மள மதிக்க மாட்டான். நின்னுபோச்சுன்னா கூப்புடுவாங்க. அப்பப் போவோம்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், பேகம்பூர் பக்கம் இருந்த ராவுத்தர் வீட்டுக்குப் புது ஏசி மாட்டப் போனோம். ராவுத்தருக்குத் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை, இருந்தது. வசதியானவர்தான். ஆனாலும் அலட்டல் இல்லாத மனிதர். அவ்வளவு செலவழித்து எதற்கு ஏசி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவருடைய ஒரே மகள் மெஹருன்னிசாவுக்கு வேர்க்காது. பிறவியிலேயே அப்படி. நமக்கெல்லாம் வெயிலில் நின்றால் வேர்த்து உடம்பு ஆறும். அந்தப் பிள்ளைக்கு உள்ளே புகுந்த சூடு வெளியே வர வழியில்லை. ஒரு தடவை பங்குனி வெயிலில் கடைத்தெருவில் விழுந்து கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. ராவுத்தர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை. மாசி பிறந்தால் அந்தப் பிள்ளை மச்சு அறையை விட்டு வெளியே வரக் கூடாது, ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் கதவு திறக்கும் என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட்டார். அப்போது அவளுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்.

மெஷினை மாட்டி முடித்ததும், "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டிக் கழுவிட்டா நல்லதுங்கய்யா" என்று நான் மெதுவாகச் சொன்னேன். சூசை மேஸ்திரி என்னை முறைத்தார். ராவுத்தர் பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"நிப்பாட்டுறதா? எம்புட்டு நேரம்?"

"அரை நாளாகும்க்கா."

"அந்த அரை நாளும் எம் புள்ளய எங்க வச்சிருப்பேன் தம்பி? ஓடுற மெஷின எதுக்குக் கழுவணும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மற்ற வீடுகளில் ஏசியை நிறுத்தினால் விசிறி எடுத்து வீசிக்கொள்வார்கள். இந்த வீட்டில் நிறுத்தினால் ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு அதோடு நின்றது.

முதல் கோடை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது வருஷம், அக்னி நட்சத்திரம் பிறந்த சமயத்தில், காலை பத்து மணி வாக்கில் தோல் ஷாப் ஆள் ஒருவர் மூச்சிரைக்க சைக்கிளில் வந்தார். மெஷின் ஓடுகிறது, ஆனால் காற்றே வரவில்லையாம்.

நாங்கள் போனபோது அறைக்குள் அனல் தெரிய ஆரம்பித்துவிட்டது. பிள்ளையைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்து, ஈரத்துணி சுற்றி, தண்ணீர் நிரப்பிய பெரிய அண்டாவுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். ஐஸ் ஃபாக்டரிக்கு ஆள் போயிருந்தது. அவளுடைய முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. ராவுத்தர் பித்துப் பிடித்தவர்போல வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மேஸ்திரி கடிகாரத்தைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், துண்டை விரித்தார். முன்மூடியை எடுத்தால் உள்ளே குளிர்க்குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டியிருந்தது. கேஸ் குறைந்தாலும் அப்படித்தான் ஐஸ் கட்டும்.

"கேஸ் ஒழுகியிருக்கு பாய்" என்றார். "மெட்ராசுல இருந்து சிலிண்டர் வரணும். மூணு நாளாச்சும் ஆகும்."

ராவுத்தர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "மூணு நாளா? அதுவரைக்கும் இது தாங்குமா மேஸ்திரி?" என்றார். கீழே அண்டாவில் இருந்த பிள்ளைக்கும் அது கேட்டிருக்கும். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நான் கீழே போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லும் அளவுக்கு எனக்கு வயசும் இல்லை, வார்த்தையும் இல்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "மெஷின் எப்பத்துல இருந்தும்மா இப்படி?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு நேத்து இல்லண்ணே" என்றாள். நாக்கு வறண்டு குரல் கம்மியிருந்தது. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. "நாந்தான் தெனமும் பாக்குறேன்ல. எனக்கு வேற என்ன வேல? பட்டம் ஒட்டுற பேப்பர்ல ஒரு துண்டக் கிழிச்சு மெஷின் வாயில இருக்குற கம்பியில கட்டி வச்சிருக்கேன். போன வருசம் நட்டுக்கிட்டுப் பறக்கும். பெறகு வரவரத் தொங்கிப்போச்சு. வெள்ளிக்கெழம காலையில பாத்தா மொத நாள விடக் கொஞ்சம் தொங்கும். அம்மாகிட்டச் சொன்னா, 'பேசாமப் படு'ன்னுது."

"வர்ற காத்து ஜில்லுன்னு இருந்துச்சா?"

"ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு. காத்துதான் கம்மி. நேத்து வரைக்கும் அப்படித்தான்."

சட்டென்று எழுந்தேன். கேஸ் ஒழுகினால் முதலில் குளிர்ச்சிதான் குறையும். இங்கே குளிர்ச்சி குறையவில்லை, காற்று குறைந்திருக்கிறது. அப்படியென்றால் அடைப்பு குழாய்க்கு உள்ளே இல்லை, வெளியே. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி மேஸ்திரியிடம் சொன்னேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மெஷினை நிறுத்தி ஐஸ் உருகும்வரை காத்திருந்தார். பிறகு தகடுகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகத்தை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று பசைபோல வந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா இது, கோயில் வாசம் அடிக்குது" என்றார்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். அவருக்கா சாம்பிராணி வாசம் தெரியாது?

விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. வியாழக்கிழமைதோறும் சாயங்கால மக்ரிப் தொழுகை முடிந்ததும் அந்த அம்மா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவாராம். பிறகு தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்தி, புகை பிள்ளையைச் சுற்றி நிற்கும்படி வைப்பாராம். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மெஷின் அந்தப் புகையை எல்லாம் இழுத்து இழுத்துத் தகட்டில் பூசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிசினின் மேல் தூசி ஒட்ட, தூசியின் மேல் மறுபடி பிசின் ஏற, கடைசியில் மூச்சு விட இடமில்லாமல் போய்விட்டது.

திரைக்குப் பின்னால் அழுகை வெடித்தது.

"எம் புள்ள நல்லா இருக்கணும்னுதானே ஓதி ஓதிப் போட்டேன்! அதுவே எம் புள்ளைக்கு எமனா வந்து நிக்குதா? யா அல்லா, நான் என்ன பாவம் பண்ணேன்!"

சூசை மேஸ்திரி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "அழுகாதீங்க தாயி. நாங்களும் கோயில்ல இதத்தான் போடுறோம். சாமிக்குப் போட்டத மெஷின் குடிச்சிருச்சு, அம்புட்டுத்தான். சளி புடிச்சிருக்கு, எடுத்துரலாம்."

ராவுத்தர், "கேஸ்னு சொன்னீங்களே?" என்றார்.

"சொன்னேன் பாய். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, நீதான் கழுவணும் கழுவணும்னு அனத்துவியே. எதுல கழுவுவ, சொல்லு" என்றார்.

சலவைச் சோடா போட்டால் அலுமினியத் தகட்டை அரித்துவிடும். கிணற்று உப்புத் தண்ணீரும் ஆகாது. எங்கள் வீட்டில் பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை நுரையில் அலசுவார்கள். அழுக்குப் போகும், இழை கெடாது. தகட்டின் இடுக்கில் நுழைய, நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கும் நீளமான பிரஷ் இருந்தால் பிரமாதம். தோல் ஷாப் ஜீப்பைச் சின்னாளப்பட்டிக்கு விரட்டினோம். பிரஷும் பூந்திக்கொட்டையும் வந்து சேர்ந்தன. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையையும் அந்த அம்மா அடுப்பில் ஏற்றிச் சுடவைத்துக் கொடுத்தார்.

மெஷினை உருவி, மச்சு அறையை ஒட்டிய மொட்டை மாடியில் நிழலில் வைத்தோம். மோட்டாரை மெழுகுத்துணியால் கட்டினேன். சூடான நுரையை மேலிருந்து ஊற்றி, ஊறவிட்டு, தகடு நெளியாமல் மேலிருந்து கீழாக மட்டும் பிரஷை இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தகடெல்லாம் படுத்துவிடும். முதல் தடவை வந்தது தார்போல இருந்தது. எத்தனை தடவை ஊற்றினோமோ தெரியாது. "ஓடுறதத் தொடாத" என்ற மனிதர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பிரஷை என் கையிலிருந்து பிடுங்கித் தானே தேய்த்தார். கீழே பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவளுக்குக் கை லேசாக வெட்டத் தொடங்கிவிட்டது. ராவுத்தர் ஐஸ் கட்டியைத் தன் மடியில் வைத்து உடைத்து உடைத்து அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நுரையை வேகவேகமாக ஊற்றினேன். "பதறாத, பதறுனா தகடு போயிரும்" என்று மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அது எனக்குச் சொன்னதா, அவருக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

உச்சி சாய்வதற்குள் மெஷினை மாட்டி ஓடவிட்டோம். காற்று குபீரென்று வந்தது. அறை ஆறியதும் பிள்ளையைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். ராவுத்தர் எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார்.

அதன் பிறகு சாம்பிராணி கீழே கூடத்தோடு நின்றது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது என்று ராவுத்தரே முடிவு செய்தார்; மிச்சப் பிசின் போக முதல் தடவை மட்டும் அடுத்த வாரமே வரச் சொன்னார். ஆனால் பகலில் கூடாது. விடியற்காலைத் தொழுகை நேரத்தில் நிறுத்தி, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். "அறையில இருந்தாப் புழுங்கும். அந்த நேரம் மட்டும் புள்ளைய மொட்ட மாடியில வச்சுக்க. சூரியன் எட்டிப் பாத்ததும் உள்ள வந்துரணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நான் மெஷினைக் கழுவ, அவள் நனைத்த துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். மலைக்கோட்டைக்குப் பின்னால் வெளுத்துக்கொண்டு வந்தது. வடமதுரைப் பக்கமிருந்து காய்கறி மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. ஸ்டேஷனில் எஞ்சின் ஊதியது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்ததும் மெஹருன்னிசா, "சரசு! ஏய் சரசு!" என்று கத்தினாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, வாளியைப் போட்டுவிட்டுக் கையாட்டியது. மாசியிலிருந்து அந்தப் பிள்ளை ஆகாயத்தையே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "மெஷின் மூச்சு வாங்குதுன்னு பாப்பா சொல்லுது" என்று தோல் ஷாப் ஆள் வந்து நின்றார். மறுநாள் விடியலில் போனேன். முன்மூடியைத் திறந்தேன். தகடெல்லாம் பளிச்சென்று இருந்தது. கம்பியில் கட்டிய பேப்பர் துண்டு நட்டுக்கொண்டு பறந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் துப்பட்டாவை நனைத்துப் போர்த்திக்கொண்டு, செருப்பும் போட்டுத் தயாராக நிற்கிறாள்.

"மூச்சு வாங்குதா?" என்றேன்.

"நேத்து வாங்குச்சுண்ணே."

"இப்ப வாங்கலயே."

"நீங்க வந்ததும் பயந்துருச்சு போல" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேண்டாத வேலையைச் செய்வது ஏமாற்று வேலை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். அடிக்கடி உருவி மாட்டினால் குழாய்க்கும் நல்லதில்லை. ஆனால் அன்றைக்குத் திரையைப் பார்த்து, "ஆமாக்கா, கழுவத்தான் வேணும்" என்று சத்தமாகச் சொன்னேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அதில் இதுவும் சேரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க மெஷினுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

"என்னலே, அது மெஷினா எருமை மாடா? இப்படிக் குளிப்பாட்டுற?" என்றார் மேஸ்திரி ஒரு நாள். விஷயத்தைச் சொன்னேன். பீடியைக் கடைசிவரை இழுத்தார். "குழாய நெளிச்சிராத. பில்லுப் போடாத" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அந்த அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை. மெஷினில் தேய்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பேருக்கு நாலு சொம்பு ஊற்றித் துடைத்துவிட்டு, உள்ளே தூக்குவதற்காகக் கையை அடியில் கொடுத்தேன். மாடியின் அந்தக் கோடியில் மெஹருன்னிசா சரசுவோடு ஏதோ சைகை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிழக்கே இன்னும் சிவக்கவில்லை.

கதவு இடுக்கிலிருந்து அந்த அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"தம்பி, அதுக்குள்ள என்ன அவசரம்? வெயிலு வர இன்னும் நேரமிருக்கு. செத்த நேரம் நல்லாக் கழுவுங்க."